டெசிமேட்டா, டெவஸ்டேட்டா?

பெரும் சேதத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் டெசிமேட் (decimate), டெவஸ்டேட் (devastate) என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

டெசிமேட் ரோமானியப் படையிலிருந்து வந்தது. கோழைத்தனம் காட்டிய படைப்பிரிவில் சீட்டுப் போட்டு 10 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவரைச் சக வீரர்களே அடித்துக் கொல்ல வேண்டும். அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்டகஸுக்கு எதிரான போரில் ரோமானியத் தளபதி கிராசஸ் இந்தக் கொடிய தண்டனையை மீண்டும் கொண்டுவந்தார். இன்று பத்தில் ஒன்று என்ற கணக்கை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பகுதி அழிந்தது என்றே பொருள். ஆனாலும் மக்கள்தொகை, படை, மீன்வளம் என்று எண்ணிக்கை குறையக்கூடியவற்றுக்குத்தான் அது நன்றாகப் பொருந்துகிறது. 'முழுவதும் டெசிமேட் ஆனது' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சமாவது மிஞ்சினால்தானே அந்தச் சொல்லுக்கு அர்த்தம்!

டெவஸ்டேட் என்பது ஓர் இடத்தையே பாழாக்குவது. 1755இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துக்கு நிலநடுக்கம் செய்தது அதுதான். அப்புறம், மனம் நொறுங்கிப்போவதற்கும் இதே சொல் வரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து டெசிமேட்டட் என்று போட்டுவிடாதீர்கள். அங்கே டெவஸ்டேட்டட்தான் சரி.