மதுரை வெயிலில் இரண்டு கிட்டார்கள்: 1970-களின் பழையதும் இன்றைய புதியதும்

என்னிடம் இரண்டு அகூஸ்டிக் கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று 1970-களின் முற்பாதியில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. கொடைக்கானலில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஒருவர் ஊர் திரும்பும்போது என் சித்தப்பாவிடம் விற்றுவிட்டுப் போனார். சித்தப்பா எனக்குக் கொடுத்தார். மற்றது சில ஆண்டுகளுக்கு முன் நானே புதிதாக வாங்கியது. இரண்டும் ட்ரெட்நாட் எனப்படும் பெரிய உடல் வடிவம். இரண்டுக்கும் முகப்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், முதுகும் பக்கங்களும் இந்திய ஈட்டி மரம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான ஜோடி கிடைக்காது. கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நான் எழுத வந்தது அந்தந்தக் காலத்தின் கட்டுமானத்தைப் பற்றி.

பழைய கிட்டார் என்றால் கனமான மந்தர ஒலி வரும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். என் வீட்டில் நிலைமை நேர்மாறானது. ஓங்கி அடித்து வாசித்தால் புதிய கிட்டார்தான் அறையை நிரப்புகிறது. அதன் மிகத் தடித்த ஆறாவது தந்தியின் அதிர்வு நெஞ்சில் தட்டுகிறது. பழையதில் கீழ் ஸ்தாயி இறுக்கமாக, அளவோடு நிற்கும். ஆனால் ஒரு கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்த கூட்டொலியை, பிடித்து மெதுவாக மீட்டினால் ஆறு தந்திகளும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே காதில் விழுகின்றன. விரலால் மீட்டிப் பாடலுக்குத் துணை வாசிக்கும்போது இந்தத் தெளிவுக்கு ஈடே கிடையாது. பாடுகிறவரின் குரலுக்கு அது இடம் விட்டு நிற்கிறது.

இதற்குக் காரணம் முகப்பலகையின் உட்பக்கத்தில் இருக்கிறது. அங்கே எக்ஸ் வடிவில் ஒட்டப்பட்ட மரச்சட்டங்கள்தான் தந்திகளின் இழுவையைத் தாங்குகின்றன. சாதாரண லைட் (மெல்லிய) தந்திகளே எல்லாம் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை கொடுக்கும். மார்ட்டின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் புகழ்பெற்ற 1930-களின் கிட்டார்களில் இந்தச் சட்டங்களை ஆங்காங்கே குடைந்து இளைத்திருப்பார்கள். அதனால் பலகை தாராளமாக அதிரும். ஆனால் வாசிப்பவர்கள் மேலும் மேலும் தடித்த தந்திகளைப் பூட்டியதால் பலகைகள் புடைத்தன; 1944 இறுதியில் மார்ட்டின் குடைவதை நிறுத்திவிட்டது. மறுபடி தொடங்கியது 1976-இல், எச்டி-28 மாதிரியில். ஆக, 1970-களின் முற்பாதியில் வந்த பெரும்பாலான கிட்டார்களைப் போலவே என் பழைய கிட்டாருக்கும் குடையாத, கனத்த சட்டங்கள். நான் புதிதாக வாங்கியதிலோ 1930-களின் பாணியில் குடைந்த சட்டங்கள். கட்டுமானத்தை வைத்துப் பார்த்தால் என் புதிய கிட்டார்தான் பழையது. 'விண்டேஜ்' என்ற ஒரே பெயரில் எல்லாப் பழைய கிட்டார்களையும் ஒரே விலை ஏணியில் ஏற்றுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். எந்த ஆண்டில் செய்தது என்பதைவிட, உள்ளே எப்படிக் கட்டியது என்பதைப் பாருங்கள்.

அப்படியானால் மரத்தின் வயதுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் உலர்ந்த ஸ்ப்ரூஸில் தந்தியைத் தொட்டவுடன் ஒலி புறப்படுகிறது. விரலுக்கும் ஒலிக்கும் நடுவே தயக்கம் இல்லை. இப்போது அந்த உலர்வைச் சூளையிலேயே கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஆக்சிஜன் மிகக் குறைந்த சூட்டறையில் பலகையை வாட்டி, அதிலுள்ள ஈரத்தையும் பிசினையும் வெளியேற்றும் முறை அது. என் புதிய கிட்டாரின் முகப்பும் அப்படி வாட்டிய பலகைதான். புத்தம் புதிதாக வந்தபோதே தேன் நிறம். ஒலியிலும் பாதித் தூரம் வந்துவிட்டது என்பேன். மேல் ஸ்தாயியில் இன்னும் ஒரு சிறு கூர்மை மிச்சமிருக்கிறது. அது வாசிக்க வாசிக்கக் குறைந்து வருவதைக் காதால் உணர்கிறேன்.

ஈட்டி மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும் 1969 இறுதியில் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்ற கம்பெனிகளும் இதே மரத்தை நாடின. அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலுக்குப் பிரேசில் ஈட்டி 1992-இல் போய்விட்டது. நாம் தோதகத்தி என்றும் அழைக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம்தான் இன்று உலகெங்கும் நல்ல கிட்டார்களின் முதுகாக இருக்கிறது. 2017-இல் இந்த மரத்துக்கும் சைட்டிஸ் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. நம் மலையில் வளர்ந்து, அமெரிக்காவில் கிட்டாராகி, கொடைக்கானல் வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்த மரம் என் மடியில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் பெருமை.

இனி வானிலை. மதுரையில் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் கவலை. கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். என் அறையில் தொங்கும் ஈரமானி அக்னி நட்சத்திரப் பிற்பகல்களில் 40-க்குக் கீழே இறங்கும். ஐப்பசி அடைமழையில் 80-ஐத் தாண்டும். ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வரும் காற்றும் வறண்டதுதான். கோடையில் மரம் சுருங்கி முகப்பலகை தாழ்கிறது; தந்திகள் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் பட்டு இரைகின்றன. கழுத்தின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினால் ஃப்ரெட் நுனிகள் அரம்போல் உரசும். மழைக்காலத்தில் பலகை உப்பித் தந்திகள் உயர்ந்துவிடும். ஒரே விரலால் தந்திகளைக் குறுக்கே அழுத்தும் பார் கார்டு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும்.

புதிய கிட்டாரின் கழுத்துக்குள் திருகக்கூடிய எஃகுக் கம்பி, அதாவது ட்ரஸ் ராட், இருக்கிறது. பருவம் மாறும்போது கழுத்து வளைந்தால் சாவியைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்பினால் போதும், நேராகிவிடும். மற்றோர் அமெரிக்கக் கம்பெனியான கிப்சன் 1920-களிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. மார்ட்டின் 1985 வரை காத்திருந்தது. என் பழையதில் திருக ஒன்றும் இல்லை. உள்ளே அசையாத எஃகுத் தண்டு மட்டும்தான். கோடையில் பெட்டிக்குள் ஈர ஸ்பாஞ்சு, மழையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. ஏசி அறையில் திறந்து வைக்கவே மாட்டேன். புதியதும் இதே கவனிப்புக் கேட்கும்; ஆனால் ஒரு வாரம் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வாட்டிய பலகை ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ட்ரஸ் ராட் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று உண்டு. பல பத்தாண்டு இழுவையில் உடலும் கழுத்தும் சேரும் இடத்தின் கோணமே மாறிவிடுகிறது. தந்தி உயர, உயர, சித்தப்பா காலத்திலேயே தந்திகளைத் தாங்கும் சிறு துண்டான சாடிலைத் தேய்த்துத் தேய்த்து, அது செருகியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தந்தி அதன்மேல் அழுந்தி மடங்காமல் கிடந்ததால் ஒலியும் மெலிந்திருந்தது. வழி ஒன்றுதான்: கழுத்தைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி, மறுபடி பூட்டுவது. வைகை எக்ஸ்பிரஸில் என் பக்கத்திலேயே வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனேன். அங்கே அந்த வேலையை நேரில் பார்க்கக் கிடைத்தது. பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் மெல்லிய துளையிட்டு, ஊசிக்குழாய் வழியாக நீராவியைச் செலுத்தினார் அந்தக் கைவினைஞர். வஜ்ஜிரப் பசை காய்ச்சும் தச்சுப்பட்டறை வாசனை எழுந்தது. பூட்டு இளகியதும் கழுத்து முழுசாகக் கையோடு வந்தது. அடிப்பகுதியில் காகித கனத்துக்கு மரத்தைச் சீவி, வைத்துப் பார்த்து, மறுபடி சீவி, பொருந்தியதும் ஒட்டினார். ஃப்ரெட்டைத் திரும்ப அடித்ததும் துளை மறைந்துவிட்டது. இப்போது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்தி 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அடங்கிக் கிடந்த ஒலியும் திரும்பிவிட்டது. செலவு அதிகம்தான். அந்தப் பணத்துக்குத் தொடக்க நிலைப் புதிய கிட்டார் ஒன்றே வந்திருக்கும். கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும்.

என் புதிய கிட்டாரில் கழுத்து போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. என்றைக்காவது இதே வேலை வந்தால் ஸ்பேனர் போதும், நீராவி வேண்டாம். மரபை விரும்புகிறவர்கள் போல்ட் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ஒலியில் அதனால் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

மேற்பூச்சில் பழையது மிகவும் மென்மையானது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மஞ்சளித்து, மயிரிழை வெடிப்புகள் குறுக்கே ஓடுகின்றன. வலது முழங்கை படும் இடத்தில் வியர்வை அரித்து மரமே தெரிகிறது. ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாய்த்தால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தித் துணி சுற்றித்தான் வைக்கிறேன். மார்கழிக் குளிரில் நள்ளிரவு தாண்டியும் நடக்கும் கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு அதை எடுத்துப்போவதில்லை. பனியில் நனைந்து, வேன் வண்டியில் பத்துப் பேர் கைமாறிப் போக வேண்டிய வேலை அது. புதிய கிட்டாரின் கடினப் பூச்சும் அதிர்வை மின்னொலியாக்க உள்ளே பொருத்திய பிக்கப்பும் அதற்காகவே செய்தவை போலிருக்கின்றன. பழையதில் துளையிட்டு மின்வேலை எதுவும் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறேன். மேடையில் வாசித்தே ஆக வேண்டுமென்றால் மைக்தான்.

தந்தி இரண்டுக்கும் ஒன்றே: அங்குலத்தின் ஆயிரத்தில் 12 முதல் 53 பங்கு வரை கனமுள்ள லைட் பாஸ்பர் வெண்கலம், மேலுறை பூசியது. நம் ஊர் வியர்வைக்கு உறையில்லாத தந்தி சீக்கிரம் கறுத்துவிடுகிறது.

ஒரே ஒரு கிட்டார் வாங்க நினைக்கிறவர் மதுரையில் இருந்தால், புதியதையே வாங்கச் சொல்வேன். முகப்பு ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழுமரமாக இருக்கட்டும். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்து, விரலால் மீட்டி வாசிப்பவராகவும் இருந்தால் நல்ல பழையதைத் தேடுங்கள். பார்க்கப் போகும்போது நீளமான இரும்பு ஸ்கேலையும் சிறு கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்தால் அதன் நுனி பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். அதற்குக் கீழே போய் இடித்தால் கழுத்துக் கோணம் போய்விட்டது என்று பொருள். கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டு, பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ள பட்டையில் வெடிப்போ, தந்தியின் உருண்டை முனை குடைந்த பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். சட்டங்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், ஒட்டு விட்ட இடம் தனியாக இரையும். கழுத்து வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டே விலை பேசுங்கள்.