150-ஆ, 165-ஆ, 180-ஆ? வெள்ளைவால் மானுக்கு .308 குண்டின் எடை

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் நெருங்கும்போது .308 வின்செஸ்டர் ரைஃபிள் வைத்திருக்கும் பலருக்கும் வரும் கேள்வி இது. கடை அலமாரியில் 150, 165, 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) என்று மூன்று தோட்டாப் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றும் அதே துப்பாக்கியில் போகும். எதை எடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈயம் உள்ள குண்டு என்றால் 165. முழுக்கச் செம்பு என்றால் 150, அதற்கும் கீழே 130 கூடப் போகலாம். 180-ஐ வெள்ளைவால் மானுக்கு நான் பரிந்துரைப்பது அரிது. இது உரிமம் வாங்கி, பருவத்தில் வேட்டையாடும் அமெரிக்க மாநிலங்களுக்கான பேச்சு. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம்.

7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அப்படிப் பார்த்தால் 150 கிரெயின் குண்டு சுமார் 9.7 கிராம், 180 சுமார் 11.7 கிராம். வித்தியாசம் வெறும் 2 கிராம்தான். தயாரிப்பாளர்கள் தரும் வழக்கமான கணக்கில் 150 குழலை விட்டு நொடிக்கு 2820 அடி வேகத்தில் கிளம்பும், 165 சுமார் 2700, 180 சுமார் 2620. ஆற்றலைக் கணக்குப் போட்டால் மூன்றும் ஏறக்குறைய 3590 முதல் 3720 ஜூலுக்குள் அடங்கிவிடும். ஆகவே ‘கனமான குண்டுக்குச் சக்தி அதிகம்’ என்ற பேச்சில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சக்தி மானின் உடலுக்குள் எப்படிச் செலவாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தூரத்தில் குண்டு எவ்வளவு இறங்கும் என்பதையும் பெரிதாகப் பேசுவார்கள். ஒரே வடிவக் குண்டுகளை எடுத்து, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) 200 கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் 150 சுமார் 8 அங்குலம் இறங்கும், 180 சுமார் 9 அங்குலம். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் 8 முதல் 10 அங்குல அகலம். ஒரு அங்குலத்துக்காக எடையை மாற்ற வேண்டியதில்லை. விஸ்கான்சின் காடுகளில் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும், அங்கே இந்தக் கணக்கே தேவைப்படாது. டெக்சாஸின் திறந்த வெளியில் தூரம் கூடும், அங்கேயும் தூரத்தைச் சரியாகக் கணிப்பதுதான் முக்கியம்.

உண்மையான வித்தியாசம் மானின் உடலுக்குள் தெரியும். சாதாரண ஈயமுனை 150, 50 கஜத்தில் முன்சப்பை எலும்பில் பட்டால், அந்த வேகத்தில் வெடித்தாற்போல் விரியும். மான் அங்கேயே விழும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தோலை உரித்துப் பார்த்தால் தசை அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் கூழ் மாதிரி உறைந்து, சப்பையில் பாதிக்கு மேல் வெட்டித் தூக்கி எறிய வேண்டியிருக்கும். விலா வழியாக நுரையீரலில் போனால் இந்தச் சேதம் குறைவு. ஆனால் காட்டில் மான் எப்போதும் பக்கவாட்டில் நின்று கொடுக்காதே.

180 இதற்கு நேர் எதிர். வேகம் குறைவு, ஆழமாக ஊடுருவும், கறிச் சேதமும் குறைவு. ஆனால் 180 கிரெயின் குண்டுகளில் பல, எல்க், மூஸ் போன்ற பெரிய மான் இனங்களை மனதில் வைத்துக் கெட்டியாகச் செய்யப்பட்டவை. டெக்சாஸ் மலைப்பகுதியின் சிறிய மானின் நெஞ்சுக்கூட்டில் அது சரியாக விரிவதற்குள் மறுபக்கம் வெளியே போய்விடலாம். மான் சாகும், ஆனால் அதற்குள் ஓடிவிடும். இருட்டிய பிறகு டார்ச் அடித்து ரத்தத் துளிகளைத் தேடி அலைவது நமக்குச் சிரமம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த விலங்கின் வேதனையை ஒரு நிமிடம் கூட நீட்டாமல் முடிப்பது நம் கடமை. குண்டைத் தேர்வு செய்யும்போது எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

மெய்ன், மின்னசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களின் பெரிய கிடாக்களுக்கு (ஆண் மான்களுக்கு) 180 எடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘புதருக்குள் கனமான குண்டு வளையாமல் போகும்’ என்று காரணம் சொன்னால் அதை நம்பாதீர்கள். கிளையில் பட்டால் எந்த எடையும் திசை மாறும். இடைவெளி தெரியும்வரை காத்திருப்பதுதான் வழி.

165 இரண்டுக்கும் நடுவில் வருகிறது என்பதற்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. கிட்டத்திலிருந்து சுட்டாலும் 150 அளவுக்குச் சிதறாது, சின்ன மானிலும் நன்றாக விரியும், பெரிய கிடாவிலும் பெரும்பாலும் மறுபக்கம் துளை போடும். இரண்டு துளை இருந்தால் ரத்தத் தடம் தெளிவாக விழும். தோளில் விழும் உதையும் 180-ஐ விடச் சற்றுக் குறைவு.

சரி, செம்புக் குண்டு வந்தால் இந்தக் கணக்கு ஏன் மாறுகிறது? ஈயக் குண்டு உடலுக்குள் உடைந்து எடையை இழக்கும். அதற்கு ஈடாகத்தான் தொடக்கத்திலேயே கனமாக எடுக்கிறோம். செம்பு இதழ் விரித்தாலும் எடையை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும், அதனால் 150 செம்பு 180 ஈயம் போல ஊடுருவும். ஆனால் விரிய அதற்கு வேகம் வேண்டும், ஆகவே எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது நல்லது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்குக் குண்டு நீளமாகும். குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புறப் புரிச்சுற்று மெதுவாக உள்ள பழைய .308-களில் நீளமான குண்டு நிலையாகச் சுழலாமல் போகலாம்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. சுடப்பட்ட விலங்குகளின் மிச்ச உடலைத் தின்னும் காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தில் செத்தது அதற்கு முக்கியக் காரணம். 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியிலேயே ஈயத்துகள் கண்டுபிடித்தார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்றால், சட்டம் கட்டாயப்படுத்தாத மாநிலத்திலும் நான் செம்புதான் எடுப்பேன். விலை கூடத்தான், ஆனால் ஒரு பருவத்துக்கு எத்தனை தோட்டா செலவாகிவிடப் போகிறது?

எதை எடுத்தாலும் முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்குங்கள். மேஜையில் துப்பாக்கியை மணல்மூட்டை மேல் வைத்து, குழலை ஆறவிட்டு, 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். உங்கள் ரைஃபிள் 165-ஐக் குறிப்பலகையில் அங்கங்கே பரப்பி, 150-ஐ ஒன்றரை அங்குலத்துக்குள் வைத்தால், மேலே நான் சொன்னதை விட்டுவிட்டு 150-ஐயே எடுங்கள். அப்புறம் அதே வகையில் இன்னும் இரண்டு பெட்டி வாங்கி வையுங்கள்.