கோட்டாற்றுச் சந்தில் டிசம்பர் பலகாரம்: ஒரு கடையைப் பற்றி

டிசம்பர் மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடற்கரையில் சூரிய உதயத்தையும், விவேகானந்தர் பாறையையும், வள்ளுவர் சிலையையும், இவ்விரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தையும் பார்த்துவிட்டு, கையில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ரயிலேறிவிடுகிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்தின் பழைய ஊர்களான, இன்று நாகர்கோவிலின் பகுதியாகிவிட்ட கோட்டாறும், அருகிலுள்ள சுசீந்திரமும் தங்களுடைய மிகப் பெரிய திருவிழாக்களைக் கொண்டாடுவது இந்தக் குளிர்ந்த மாதத்தில்தான். ஒவ்வொரு விழாவுக்கும் அதற்கென்று ஒரு பலகாரம் இருக்கிறது. அந்தப் பலகாரங்களை அந்தந்த நாளில், அடுப்பிலிருந்து இறங்கிய பதத்தில் தருகிற ஒரு சிறிய கடையைப் பற்றி எழுதுகிறேன். வெளியூர் உறவினர்களை மூன்று ஆண்டுகளாக அங்கே அழைத்துச் சென்றுகொண்டிருக்கிறேன்.

கோட்டாற்றில் கம்பளம் எனப்படும் கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஓட்டுவீட்டின் முன்திண்ணைதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கார்த்திகை பிறக்கும்போது திறந்து, பொங்கலோடு மூடிவிடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மாமியும், அவருடைய மருமகளும், மாவு இடித்துத் தர வரும் இரண்டு பெண்களும்தான் எல்லா வேலையையும் செய்கிறார்கள். திண்ணைக்கு உட்புறம் விறகடுப்பில் ஒரு பெரிய உருளி இருக்கிறது. சவேரியார் திருவிழாவுக்கும், கார்த்திகைக்கும், சுசீந்திரம் தேருக்கும், கிறிஸ்துமஸுக்கும் அந்த ஒரே உருளிதான். இந்த ஊரில் அப்படித்தான் நடக்கும் என்பதால் எங்களுக்கு அது புதிதாகத் தெரிவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மைனிதான் (அண்ணி) அதைக் கவனித்து வியந்து சொன்னார்.

2025-ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று நாங்கள் போயிருந்தோம். புனித சவேரியார் 1552-இல் இறந்த நாளும் டிசம்பர் 3 என்பதால், கோட்டாறு பேராலயத்தின் பத்து நாள் திருவிழா ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்குத்தான் நிறைவடையும். அந்த ஆண்டு திருக்கார்த்திகையும் அதே நாளில் வந்தது. பேராலயத்தில் திருப்பலி முடித்து, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறையருகே சற்று நேரம் நின்றுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகச் சந்துக்குள் நுழைந்தபோது பனையோலை வேகும் மணம் எங்களை எதிர்கொண்டது. அந்த மணத்தை வேறு எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. மழை நின்ற காலையில் பனங்காட்டு வழியே நடந்தவர்களுக்கு ஓரளவு புரியலாம்.

ஓலைக் கொழுக்கட்டை குமரி மாவட்டத்தின் கார்த்திகைப் பலகாரம். பச்சரிசி மாவு, துருவிய தேங்காய், வறுத்த சிறுபயறு, கருப்பட்டிப் பாகு, ஏலக்காய், சுக்கு ஆகியவற்றைப் பிசைந்து, பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் நீளமாக வைத்து, ஓலைக் கீற்றாலேயே கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். இந்தக் கடையின் கொழுக்கட்டையைப் பிரித்தபோது ஓலையின் வரிகள் மாவின் மேல் ஒன்றுவிடாமல் பதிந்திருந்தன. கையால் அழுத்தினால் உதிராமலும், பல்லில் ஒட்டாமலும் இருந்தது. மாவை இடித்து, வறுத்து, கருப்பட்டிப் பாகைச் சூடாக ஊற்றிப் பிசைந்தால் மட்டுமே அந்தப் பதம் வரும். இனிப்பு அடங்கியே இருந்தது. சுக்கின் காரம் தொண்டையில் இறங்கியது. ஒன்று 20 ரூபாய். அந்த விலைக்கு வீட்டில் ஓலை வெட்டக்கூட இப்போது ஆள் கிடைக்காது.

இனி முந்திரிக்கொத்து. இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வெளியூரில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் முந்திரிப்பருப்பைத் தேடுகிறார்கள். முந்திரிப்பருப்பு இதில் கிடையாது. மூன்று மூன்று உருண்டைகளாக ஒட்டி, கொடிமுந்திரிக் (திராட்சை) குலையைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சிறுபயற்றைச் சிவக்க வறுத்து, தோல் நீக்கி, ரவையைவிடச் சற்று நயமாகத் திரித்து, வறுத்த தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து, வெல்லப் பாகில் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். உருண்டைகள் ஒருநாள் முழுவதும் காற்றாட உலர வேண்டும். அதன் பிறகு, மஞ்சள்தூள் சிறிது கலந்த பச்சரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாக நனைத்துத் தேங்காயெண்ணெயில் பொரிப்பார்கள்.

அந்த ஒருநாள் உலர்த்தலைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஓரிடத்தில், அழகான அட்டைப்பெட்டியில் அடைத்த முந்திரிக்கொத்தை வாங்கி, சென்னையிலிருந்து வந்திருந்த அத்தான் குடும்பத்துக்குக் கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் நாளே உருண்டைகள் வியர்த்துப் பிளந்து, பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்ததாக அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்கள் ஊர்ப் பலகாரத்தின் சுவை இதுதான் என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நினைத்திருப்பார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் மாறவில்லை. இந்தச் சந்துக் கடையைத் தேடிப் போனதே அதன் பிறகுதான்.

இங்கே உருண்டைகளை ஓலைப்பாயில் பரப்பி மெல்லிய துணி போட்டு மூடியிருப்பதைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். உருளியில் மாமி கொத்துக்களை இறக்கும்போது மாவு முதலில் நுரைத்து எழுந்து, பிறகு சத்தம் அடங்கி, மஞ்சள் நிறம் பொன்னிறமாகத் திரும்புகிற நேரத்தில் ஜல்லிக் கரண்டியால் அள்ளிவிடுகிறார். சூடாகவே கட்டித் தரச் சொன்னேன். "மக்களே, ஆறட்டும். சூட்டோட பொதிஞ்சா நாளைக்கு நமத்துப் போவும்" என்று சொல்லி, அரை மணி நேரம் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்துச் சுக்குக் காப்பி கொடுத்தார். காப்பிக்குக் காசு வாங்கவில்லை. ஆறிய கொத்தை உடைத்தபோது மேலோடு மெல்லியதாக நொறுங்கியது. உள்ளே பயற்றின் வறுபட்ட மணம் அப்படியே இருந்தது. ஒரு கொத்து 18 ரூபாய் என்பது எட்டாத விலையன்று.

அச்சுமுறுக்கும் போடுகிறார்கள். பச்சரிசி மாவில் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்த்துக் கரைத்து, பூவடிவான பித்தளை அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் தோய்த்து மீண்டும் எண்ணெயில் முக்கி எடுப்பது. கிறிஸ்துமஸ் நேரத்தில் முட்டை சேர்த்தும் செய்வது உண்டு என்பதால், முட்டையில்லாத மாவைக் காலையில் முதலில் பொரித்து முடித்துத் தனிப் பானையில் வைத்துவிட்டு, மதியத்துக்குப் பிறகே மற்றதைத் தொடங்குகிறார்கள். மார்கழி விரதத்தில் இருப்பவர்கள் கேட்காமலேயே, எந்தப் பானையில் எது என்பதை மருமகள் சொல்லிவிடுகிறார். இந்தக் கவனத்துக்காகவே நான் இவர்களை மதிக்கிறேன். ஆனால் அச்சுமுறுக்கில் சீனி சற்றுத் தூக்கலாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பாலின் சுவை அதில் மறைந்துவிடுகிறது.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் திருவிழா பத்து நாள் நடப்பது; மூன்றாம் நாள் இரவில் நடைபெறும் மக்கள்மார் சந்திப்புக்குக் கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகர் எழுந்தருளுவார், வேளிமலையிலிருந்து முருகன் வருவார். பெற்றோரின் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வருகிற அந்தக் காட்சியைத் தேரோட்டத்தைவிட நான் விரும்புகிறேன். ஒன்பதாம் நாள் தேரும், மறுநாள் ஆருத்ரா தரிசனமும் வரும். அந்த முறை ஆருத்ரா 2026 ஜனவரி 3 அன்று அமைந்தது. அன்று காலையில் மட்டும் கடையில் திருவாதிரைக் களி கிடைக்கும். சுமாரான களிதான்; நெய் போதவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் பசிக்குச் சாப்பிடலாம், அதற்காகத் தேடிப்போக வேண்டியதில்லை.

குறைகளில் பெரியது ஒன்று உண்டு. கார்த்திகைக்கு மறுநாள் எஞ்சிய ஓலைக் கொழுக்கட்டையை மீண்டும் ஆவியில் வைத்து, அன்றைய கொழுக்கட்டைகளோடு கலந்து விற்றார்கள். ஓலை கறுத்திருந்ததிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது. மாமியிடம் நேரிலேயே சொன்னேன்; அவர் மறுக்கவில்லை, காசைத் திருப்பிக் கொடுத்தார். பாதி விலைக்கு, பழையது என்று சொல்லி விற்றிருந்தால் நானே வாங்கியிருப்பேன். அடுத்து, பொதிகளில் செய்த தேதி எழுதுவதில்லை. வெளியூருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு அது அவசியம் என்பதால், இப்போது நானே பேனாவால் எழுதிக்கொள்கிறேன். டிசம்பர் 23, 24 ஆகிய நாள்களில் வரிசை சந்தின் முனைவரை நீள்கிறது. மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. வயதானவர்களை அந்த இரண்டு நாளும் அழைத்துப் போக வேண்டாம்.

எடுத்துச் செல்வது பற்றியும் ஒரு செய்தி. குளிரூட்டப்பட்ட ரயில் பெட்டியிலோ காரிலோ கொண்டுபோனால் முந்திரிக்கொத்தின் மேல் வெண்மையாக ஒரு படலம் தோன்றும். பூஞ்சணம் என்று பயந்து என் மைனி முதல்முறை அரைக் கிலோவைக் குப்பையில் கொட்டிவிட்டார். அது உறைந்த தேங்காயெண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் இறுகத் தொடங்கும். வெயில் படும் சன்னலோரம் கால்மணி நேரம் வைத்தால் படலம் மறைந்துவிடும். பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, நன்றாக உலர்ந்த எவர்சில்வர் தூக்கிலோ தகர டப்பாவிலோ வைத்தால் பத்து நாள் வரை நொறுங்கும் பதம் குறைவதில்லை. கொழுக்கட்டையை மட்டும் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு நாகர்கோவில் சந்திப்பு நிலையமே கோட்டாற்றில் இருப்பதால் ஆட்டோவில் சில நிமிடப் பயணம்தான். கம்பளத்தில் இறங்கி, பலகாரம் போடும் மாமி வீடு என்று கேட்டால் வழி காட்டுவார்கள். காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள், முதல் கொத்து எட்டரைக்கு இறங்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டுமானால் டிசம்பர் 15-க்குள் சொல்லிவிட வேண்டும். முன்பணம் கேட்பதில்லை, மருமகள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பெயரையும் அளவையும் குறித்துக்கொள்கிறார். முட்டை சேர்த்ததா, சேர்க்காததா என்பதையும் அப்போதே சொல்லி எழுத வைத்துவிடுங்கள்.