சுங்கக் காரியத்துக்கு எந்தச் சங்கம்? மலையகத்து மிளகு வியாபாரியின் கணக்கு

மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று மலையகத்திலிருந்து கப்பலேற்றும் சிறு வியாபாரிக்கு மூன்று வழி உண்டு. கண்டியில் இருக்கும் மத்திய மாகாண வர்த்தகச் சம்மேளனத்தில் சேரலாம். கொழும்பில் இருக்கும் தேசிய ஏற்றுமதியாளர் சம்மேளனத்தில் சேரலாம். இரண்டும் வேண்டாம், நம் சரக்கைக் கப்பலேற்றித் தரும் முகவரான ஃபோர்வர்டரும் அவருடைய சங்கமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். மாத்தளையில் இருக்கும் எங்கள் கடை கொழும்புச் சம்மேளனத்தைத் தெரிவு செய்தது. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தூரம், சந்தா, கூட்டம் நடக்கும் மொழி எல்லாம் எவருக்கும் தெரிந்த விஷயம். கண்டி கிட்ட, கொழும்புக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழை நினைத்துச் சங்கத்தில் சேர்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் வரிச்சலுகையில் அனுப்புவதற்கான சான்றிதழைக் கொடுப்பது வர்த்தகத் திணைக்களம்தான். எந்தச் சம்மேளனத்தில் இருந்தாலும் அதற்கு அங்கேதான் போகவேண்டும்.

என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: துறைமுகத்தில் பில் எழுதப்படும்போது அந்தச் சங்கம் எந்தப் பக்கம் நிற்கிறது? பில்லை எழுதுபவரின் பக்கமா, கட்டுபவரின் பக்கமா?

டி.எச்.சி. என்கிற முனையக் கையாளுகைக் கட்டணத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. கொள்கலனைத் துறைமுகத்தில் தூக்கி இறக்குவதற்கென்று கப்பல் கொம்பனிகள், தங்கள் உள்ளூர் முகவர்கள் மூலம் கப்பற்கூலிக்கு மேலதிகமாக அதை அறவிட்டுவந்தன. எஃப்.ஓ.பி. விலைக்கு, அதாவது கப்பலில் ஏற்றிக்கொடுப்பதுவரை மட்டும் கணக்கிட்ட விலைக்கு, விற்பவர் கப்பற்கூலி கட்டுவதில்லை. அதை வாங்குபவர் பார்த்துக்கொள்வார். ஆனால் டி.எச்.சி. மட்டும் நம் தலையில் விழும். வாங்குபவர் கூலியைக் குறைத்துப் பேசினாலும் இந்தக் கட்டணம் குறையாது, ஏனென்றால் அதைக் கட்டப்போகிறவர் அந்தப் பேச்சிலேயே இல்லை. ஏற்றுமதியாளர் தரப்பில், கப்பலில் சரக்கு அனுப்புவோரின் அமைப்பான ஷிப்பர்ஸ் கவுன்சில் இதை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்தது. 2014ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் அந்தத் தனிக் கட்டணத்தைத் தடைசெய்து, எல்லாம் அடங்கிய ஒரே கப்பற்கூலிதான் என்று வர்த்தமானியில் போட்டது. கப்பல் முகவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய அங்கத்தவர்களுக்காக அவர்கள் பேசினார்கள். நம் அங்கத்தவர்களுக்காக யார் பேசுவது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஃபோர்வர்டரை மட்டும் நம்புவதில் உள்ள சிக்கலும் இங்கேதான். நல்ல ஃபோர்வர்டர் கைக்கு உதவி. கஸ்டெக் என்கிற சுங்கப் பிரகடனப் பத்திரம் போடுவதிலும், துறைமுகக் காரியம் பார்க்கும் வாஃப் கிளார்க் இல்லாத நேரத்தில் ஓடி நிற்பதிலும் அவர்களுக்கு இணை இல்லை. ஆனால் பில்லில் புதுப் பெயரில் ஒரு கட்டணம் முளைக்கும்போது கேட்டால், "அண்ணே, அது லைன் போடுற சார்ஜ், எங்க கையில ஒண்டும் இல்ல" என்பார்கள். லைன் என்றால் கப்பல் கொம்பனி. உண்மையும் அதுதான். அவர் சங்கம் அரசாங்கத்தோடு பேசும்போது அனுமதிப்பத்திரம், கொள்கலன் களஞ்சியம், டிலிவரி ஓர்டர் என்று பேசும். மாத்தளை மிளகு மூட்டை அந்தப் பட்டியலில் இருக்காது.

மூட்டைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். சுங்கத்தின் கணினி நம் சரக்கை, திறந்து சோதிக்கும் சிவப்புப் பாதைக்குத் தள்ளிவிட்டால் லொறி நிற்கும், சாக்குகள் இறங்கும், பின்வரிசை மூட்டையில் கூர்க்குழாயைக் குத்தி மாதிரி எடுப்பார்கள். ஈரம் பன்னிரண்டு வீதத்துக்குள் நிற்கும்படி வெயில் பார்த்துக் காயவைத்த மிளகு, கொழும்பின் புழுக்கத்தில் வாய் திறந்து கிடக்கும். குத்திய ஓட்டையைத் தைக்கும் கூலி, திரும்ப ஏற்றும் கூலி, தாமதமானால் களஞ்சிய வாடகை எல்லாம் நமக்கு. சோதனை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. நம் களஞ்சியத்திலேயே பார்த்து முத்திரையிட வழியுண்டா, நெடுங்காலம் சுத்தமாக அனுப்பியவரை மறுபடி மறுபடி சிவப்பில் நிறுத்த வேண்டுமா என்பவைதான் கேட்க வேண்டியவை. தனி ஆள் சுங்கத் தலைமையகத்தின் படியில் நின்று கேட்டால் கடிதம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். ஏற்றுமதியாளர்கள் மட்டுமே கூடியிருக்கும் சங்கம் அதே கேள்வியைப் பலருடைய அனுபவமாகத் தொகுத்து எடுத்துச்செல்லும்.

அந்தக் கேள்வி போய்ச் சேரவேண்டிய மேசையும் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016 மே மாதம் ஏற்றுக்கொண்டது. தேசியக் குழுவொன்று இருக்கவேண்டும் என்பது அதன் 23ஆம் உறுப்புரை விதித்த கடமை. சுங்கத் திணைக்களத்தின் தலைமையில் இயங்கும் நம் நாட்டுக் குழுவில் திணைக்களங்களோடு தனியார் துறையினரும் அமர்கிறார்கள். எந்தப் பொருளுக்கு எந்த அனுமதி, எந்தப் படிவம் என்று வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வர்த்தகத் தகவல் தளம் 2018இல் வந்ததும் இந்த முயற்சிகளின் ஓட்டத்தில்தான். கண்டிச் சம்மேளனம் போன்ற மாகாண அமைப்புகள் தம் குரலைப் பெரும்பாலும் சம்மேளனங்களின் கூட்டமைப்பு வழியாகத்தான் கொழும்புக்கு அனுப்புகின்றன. ஒரு படி கூடும்போது மிளகின் ஈரம் "மாகாண வர்த்தகர்களின் சிரமங்கள்" என்ற பொது வாசகத்துக்குள் கரைந்துவிடுகிறது.

கொழும்புச் சம்மேளனம் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நினைத்து எவரும் சேர வேண்டாம். ஏற்றுமதியாளர் அமைப்புகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் எஸ்.வற் முறை, அதாவது ஏற்றுமதியாளர் வாங்கும் பொருளுக்கு வற் வரியைக் காசாகக் கட்டாமல் இருக்க வழிசெய்த முறை, 2025 ஒக்டோபர் 1ஆம் திகதியோடு போய்விட்டது. விவசாயியிடம் கொட்டையாக வாங்கும் எங்களை அது அதிகம் தொடவில்லை; தேயிலை பொதியிடும் நண்பர்களுக்குத்தான் காசு முடங்குகிற கவலை. நாங்கள் அனுப்புவது பெரும்பாலும் பாதிக் கொள்கலன்தான். முழுக் கொள்கலன்களாக அனுப்புகிறவரின் கணக்கு வேறாக வரலாம். அவருக்கு ஷிப்பர்ஸ் கவுன்சிலே நேரடியாகப் பொருந்தக்கூடும்.

இன்னொரு குறை எனக்கே உறுத்துவது. ஏற்றுமதியாளர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தரப்பு உண்டு. வெளிநாட்டு மிளகை இறக்கி, இலங்கை மிளகென்று இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் நம் கொட்டையின் பெயரும் சேர்ந்து கெட்டது. 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. மீள் ஏற்றுமதிக்கான மிளகு இறக்குமதியை நம் அரசாங்கம் 2019 டிசம்பரில் தடைசெய்தது. அப்படியான விவகாரத்தில் இறக்கி அனுப்புகிறவரும் நானும் ஒரே சங்கத்தில் அடுத்தடுத்த கதிரையில் இருக்க நேரிடும். அங்கே தோட்டக்காரருக்குக் கிட்ட இருப்பது கண்டிதான்.

அதனால் கண்டிச் சந்தாவையும் நாங்கள் புதுப்பித்துக்கொண்டே வருகிறோம். வீதி, மின்சாரம், மாகாண வரி, தோட்டத்து விலை என்று வரும்போது அங்கே பேசுகிறோம். லொறி கடுகண்ணாவை இறக்கம் தாண்டி, கஸ்டெக் இலக்கம் விழுந்த நிமிடத்திலிருந்து வரும் பிரச்சினைகளைக் கொழும்புக்குத்தான் எழுதுகிறோம்: திகதி, பில்லின் பிரதி, எவ்வளவு நேரம் நின்றது என்ற விபரத்தோடு.