கிரேக்கம், எபிரேயம்: பழைய இலக்கணமா, மொழியியல் வழி இலக்கணமா?

பண்டைக் கிரேக்கம் படிக்க உட்காருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். 1920இல் வந்த ஸ்மைத்தின் பழைய பாணி இலக்கணத்தோடு போவதா, 2019இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் மாதிரி மொழியியலை உள்வாங்கி எழுதியதை எடுப்பதா? எபிரேயத்திலும் இதே கதை: ஒரு பக்கம் கெசேனியஸின் பழைய இலக்கணம், மறுபக்கம் 1990இல் வந்த வால்ட்கி, ஓ'கானர் இருவரும் எழுதியது. நான் புதியதை எடுத்தவன். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பழையவை இணையத்தில் இலவசம். வேற்றுமை, வினைத்திரிபு அட்டவணைகள் எதில் படித்தாலும் ஒன்றுதான். பழைய உரைநூல்கள் எல்லாம் ஸ்மைத், கெசேனியஸ் பிரிவு எண்களைத்தான் காட்டும், அதனால் எதைத் தேர்ந்தாலும் அவை பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, எத்தனை விதிவிலக்கை நெட்டுருப் போட வேண்டியிருக்கிறது என்பதுதான். கிரேக்க வினைக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை போக 'மத்திமம்' என்று ஒரு வடிவம் உண்டு. எர்க்கொமை (வருகிறேன்), மாக்கொமை (சண்டையிடுகிறேன்), தெக்கொமை (பெறுகிறேன்), ஹேதொமை (மகிழ்கிறேன்) எல்லாம் நிகழ்காலத்தில் இந்த வடிவத்தில்தான் வரும். பழைய நூல் என்ன சொல்லும்? வடிவம் மத்திமம், பொருள் செய்வினை, பெயர் 'டெப்பொனென்ட்', இதோ பட்டியல், மனப்பாடம் செய். இந்த வகைப்பாடே லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தது. ஏன் இந்த வினை, ஏன் அந்த வினை இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது. மொழியியல்காரர்கள் அந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். 1993இல் சூசன் கெம்மர் என்ற மொழியியலாளர் பல மொழிகளை ஒப்பிட்டு, உடலைப் பேணுவது, உட்காருவது, நகர்வது, உணர்ச்சி வசப்படுவது என்று செய்பவரையே பாதிக்கும் வினைகள்தான் எங்கும் இந்த வடிவத்தை நாடுகின்றன என்று காட்டினார். 2003இல் ருட்கர் ஆலன் அதைக் கிரேக்கத்துக்கே விரிவாகச் செய்தார். அப்புறம் அந்தப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலானவை தாமாகவே இடத்தில் உட்காருகின்றன. தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு: ஹைரேயோ 'எடுக்கிறேன்', ஹைரூமை 'எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன், தேர்ந்தெடுக்கிறேன்'. எல்லா மத்திமத்துக்கும் நம் 'கொள்' ஒட்டாது, ஆனால் ஆரம்பத்தில் நன்றாகவே கைகொடுக்கும். அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இல்லை. அக்கூவோ (கேட்கிறேன்) எதிர்காலத்தில் மட்டும் அக்கூசொமை என்று மத்திமமாவதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை, அதை நானும் மனப்பாடம்தான் செய்தேன்.

கிரேக்கத்தில் பெரும்பாலும் கடந்த செயலைச் சொல்ல வரும் 'அயோரிஸ்ட்' என்ற வினை வடிவத்தின் விஷயமும் இப்படித்தான். ஒரே நொடியில் முடிகிற செயல் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள், கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில், யோவான் 2:20இல் ஆலயம் 46 ஆண்டுகள் கட்டப்பட்டது என்பதற்கும் அயோரிஸ்ட்தான் வருகிறது! ஸ்மைத்துக்கும் இது தெரியும், அதற்கென்று தனியாக ஒரு வகை வைத்திருக்கிறார். செயலை முழுசாக, வெளியிலிருந்து பார்ப்பதுதான் அயோரிஸ்ட் என்று எடுத்துக்கொண்டால் அந்தத் தனி வகைக்கு வேலையே இல்லை. புதிய தரப்புக்குள்ளும் சண்டை உண்டு: போர்ட்டர் (1989) கிரேக்க வினை வடிவம் காலத்தையே குறிப்பதில்லை என்கிறார், ஃபானிங் (1990) குறிக்கிறது என்கிறார். எனக்கு ஃபானிங் சொல்வதே சரியாகப் படுகிறது.

எபிரேயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். 'உம்' என்ற பொருள் தரும் 'வாவ்' எழுத்தை வினைக்கு முன்னால் ஒட்டினால் எதிர்காலம் இறந்தகாலமாகப் புரண்டுவிடும் என்ற பழைய பாட விதி விநோதமானது, சரி. ஆனால் அதை உடைத்தது நவீன மொழியியல் அல்ல, எபிரேயத்தை அதன் உறவு மொழிகளோடு ஒப்பிட்ட 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆய்வுதான். யாகூம் (எழுவான்), வய்யாகொம் (எழுந்தான்) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 'கூ' குறுகியிருக்கிறது. எபிரேயத்துக்கு உறவான பண்டை அக்காடிய மொழியில் இப்ருஸ் என்று வருகிற பழைய இறந்தகாலக் குறுவடிவத்தின் எச்சம் அது, எதுவும் புரளவில்லை. இந்த ஒரு மதிப்பெண் பழைய மொழிநூலாருக்குத்தான்.

நான் எபிரேயத்தில் அதிகம் படித்தது ஆதியாகமம், சாமுவேல் மாதிரி கதைப் பகுதிகள். அங்கே புதிய நூல் ஒழுங்காக வேலை செய்கிறது. கவிதைக்கு வந்தால் சங்கீதம் 93:3இல் நதிகள் எழும்புவதாக ஒரே வினை மூன்று தரம் வருகிறது, முதல் இரண்டும் முற்று வடிவம் (செயல் முடிந்ததாகக் காட்டுவது), மூன்றாவது மட்டும் முற்றா வடிவம் (முடியாததாகக் காட்டுவது). அந்த வசனத்துக்கு வால்ட்கியையும் கெசேனியஸையும் மாறி மாறிப் புரட்டியும் நான் இன்னும் ஒரு பக்கம் சேரவில்லை.