சோஷியல் செக்யூரிட்டி ‘ரெகவரி’ என்று போன் வந்தால் உஷார்

அமெரிக்காவில் ஒரே வருடத்தில் இரண்டு கம்பெனிகளில் சம்பளம் வாங்கியவர்கள், முக்கியமாக வருட நடுவில் வேலை மாறியவர்கள், இதைப் படித்துவிட்டு டாக்ஸ் ஃபைல் பண்ணுங்கள். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) வரியை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லி என்னிடம் 1,184 டாலர் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் அந்த வகையில் எனக்கு வந்தது 1,326 டாலர். அதுவும் அவர்கள் மீட்டுக் கொடுத்தது இல்லை. ரிட்டர்ன் படிவத்தில் ஒரே ஒரு இடத்தை நிரப்பினால் தன்னால் வந்திருக்க வேண்டிய பணம்.

ஆளின் பெயரோ கம்பெனியின் பெயரோ இங்கே போடப்போவதில்லை. போட்டும் புண்ணியமில்லை. இந்த சீசனுக்கு ஒரு பெயர், அடுத்த சீசனுக்கு வேறு பெயர், வேறு நம்பர். பேசும் பேச்சு மட்டும் மாறாது. அதனால் பேச்சைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்குப் போகிறது. இதற்கு வருடத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2024-இல் அது 168,600 டாலர். அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் இந்த வரி கிடையாது. ஆக, 2024-இல் ஒருவர் கட்ட வேண்டிய அதிகபட்சம் 10,453 டாலர் 20 சென்ட். முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குப் பிடிக்கும் 1.45 சதவீதம் வேறு. அதற்கு வரம்பே இல்லை, அதில் இந்த வகையில் திரும்ப வர எதுவும் இல்லை.

ஒரே கம்பெனியில் இருந்தால் வரம்பைத் தொட்டதும் அவர்களே பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வருடக் கடைசியில் கையில் வரும் சம்பளம் திடீரென்று கொஞ்சம் ஏறுவது அதனால்தான். வேலை மாறினால் கதை வேறு. புது கம்பெனி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். பழைய இடத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது அவர்கள் கணக்கிலேயே வராது, சட்டப்படியே அப்படித்தான். ஒரு கம்பெனி இன்னொன்றை விலைக்கு வாங்கி, ஆட்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளும்போது மட்டும் பழைய கணக்கைத் தொடர வழி இருக்கிறது. மற்றபடி ஹெச்ஆரிடம் போய் நிற்பது வீண். ஒரே நேரத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஷிஃப்ட் பார்க்கும் டாக்டர்கள், பார்மசிஸ்டுகளுக்கும் இதே நிலைமைதான்.

என் கணக்கு இது. ஆகஸ்ட் வரை ஒரு இடம்: சம்பளம் 112,000, பிடித்தது 6,944. அதன் பிறகு இன்னொரு இடம்: சம்பளம் 78,000, பிடித்தது 4,836. இரண்டையும் கூட்டினால் 11,780. அதில் 10,453.20-ஐக் கழித்தால் மிச்சம் 1,326.80. இந்த 6,944-உம் 4,836-உம், கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வின் நான்காம் பெட்டியில் அச்சடித்தே இருக்கும். ஒரு கூட்டல், ஒரு கழித்தல், அவ்வளவுதான். வந்த விடையை, வருமான வரிப் படிவமான 1040-உடன் போகும் ஷெட்யூல் 3-இன் 11-ஆம் வரியில் எழுத வேண்டும். எந்த டாக்ஸ் சாஃப்ட்வேராக இருந்தாலும், டபிள்யூ-2க்களை ஒழுங்காக உள்ளே போட்டால் அதுவே எழுதிக்கொள்ளும்.

பிப்ரவரியில் அந்த போன் வந்தது. எடுத்ததுமே நல்ல தமிழ். “சார், உங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி ரெகவரி எலிஜிபிள் ஆகுது சார். நார்மல் ஃபைலிங்ல இது வராது. எங்க டீம் தனியா க்ளெய்ம் போடணும்.” ஃபைலிங்குக்கு 60 டாலர், ரெகவரிக்கு, வரப்போகும் தொகையில் 25 சதவீதம், முன்பணமாக. நானும் மனைவியும் சேர்ந்து ஜாயின்ட்டாக ஃபைல் பண்ணுகிறவர்கள். டபிள்யூ-2 மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். மறுநாளே பதில்: “சார், குட் நியூஸ். 4,736 டாலர் வருது!” அதில் 25 சதவீதம் 1,184. ஸெல்லில் (பேங்க் வழியாக உடனே பணம் அனுப்பும் Zelle) அனுப்பியாயிற்று. ஸெல்லில் போன பணத்தைத் திரும்பக் கேட்டால் பேங்க் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்: நீங்களே அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஏப்ரலில் ஐஆர்எஸ்ஸிடமிருந்து, அதாவது மத்திய வரித்துறையிடமிருந்து, கடிதம். மேலே வலது மூலையில் சிபி12 என்று போட்டிருந்தது. உங்கள் ரிட்டர்னில் இருந்த பிழையைத் திருத்திவிட்டோம், ரீஃபண்ட் தொகை மாறுகிறது என்று சொல்லும் நோட்டீஸ் அது. உள்ளே ஒரு சின்ன அட்டவணை: நீங்கள் காட்டியது ஒரு பக்கம், நாங்கள் கணக்கிட்டது இன்னொரு பக்கம். எல்லா எண்களும் ஒத்துப்போயின, ஒன்றைத் தவிர. கூடுதல் சோஷியல் செக்யூரிட்டி வரி என்ற இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 3,410 டாலர்.

அந்த 3,410 எங்கேயோ பார்த்த எண்ணாக இருந்தது. டபிள்யூ-2க்களை எடுத்து மேஜையில் பரப்பிப் பார்த்தால், என் மனைவியின் டபிள்யூ-2வில் நான்காம் பெட்டி: 3,410.00. அவளுக்கு சம்பளம் 55,000. வருடம் முழுக்க ஒரே இடத்தில் வேலை. உச்சவரம்பின் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவளுக்குத் திரும்ப வர ஒரு பைசா கிடையாது. அந்தப் புண்ணியவான்கள் மூன்று டபிள்யூ-2க்களின் நான்காம் பெட்டியையும் ஒன்றாகக் கூட்டி, அதில் ஒரே ஒரு ஆளுக்கான உச்சவரம்பைக் கழித்திருக்கிறார்கள். 15,190-இல் 10,453.20 போக 4,736.80. அந்த ‘குட் நியூஸ்’ பிறந்த கதை இதுதான்.

ஜாயின்ட்டாக ஃபைல் செய்தாலும் இந்தக் கணக்கு மட்டும் கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. 1040-க்கான வழிகாட்டுக் குறிப்பிலேயே இது இருக்கிறது. டாக்ஸ் வேலையைத் தொழிலாகச் செய்கிறவனுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. வரும் தொகையில் சதவீதம் வாங்குகிறவனுக்குத் தொகை பெருக வேண்டும். பிறகு அது குறைந்தால் அவனுக்கென்ன, அவன் பங்கு எப்போதோ கைக்குப் போயாயிற்று. ரீஃபண்டில் சதவீதம் கேட்பவரிடம் போகாதீர்கள் என்று ஐஆர்எஸ் வருடா வருடம் சொல்வது இதற்காகத்தான்.

எனக்கு இன்னும் மோசமாகியிருக்கும். ஐஆர்எஸ் முதலிலேயே பிடிக்காமல் 4,736-ஐயும் அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் வந்து கேட்டிருந்தால், 3,410-ஐ வட்டியோடு திருப்பிக் கட்டியிருப்பேன். அபராதம் போடவும் அவர்களுக்கு வழி இருக்கிறது.

நோட்டீஸை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. விடாமல் கூப்பிட்டதில் ஒருநாள் வேறொருவர் எடுத்தார். “அது ஐஆர்எஸ் தப்பு சார். அப்பீல் போட்டுடலாம், 300 டாலர் ஆகும்.” தப்பே இல்லாத நோட்டீஸுக்கு அப்பீல்! அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சர்வீஸ் சார்ஜ் நான்-ரீஃபண்டபிள் என்றார்கள். அதன் பிறகு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

சிபி12-ஐ ஒத்துக்கொள்ளாவிட்டால் 60 நாளுக்குள் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவர்கள் கணக்கு சரி என்றே தெரிந்துவிட்டதால் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. குறைந்த ரீஃபண்ட் தானாக வந்தது.

பிறகுதான் ரிட்டர்னின் இரண்டாம் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே, பணம் வாங்கித் தயாரித்தவரின் பெயரும் பிடின் எண்ணும் (ரிட்டர்ன் தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் அடையாள எண்) இருக்க வேண்டிய இடம் காலி. நானே தயாரித்ததாக அனுப்பியிருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிக்கும் யாரும் பிடின் எண் வைத்திருக்க வேண்டும், ரிட்டர்னில் கையெழுத்தும் போட வேண்டும். அதைச் செய்யாமல் மறைந்துகொள்பவர்களை ஐஆர்எஸ் ‘கோஸ்ட் பிரிப்பேரர்’ என்கிறது. அனுப்புவதற்கு முன்னால் போன வருட ஏஜிஐ (கழிவுகளுக்குப் பிறகு ரிட்டர்னில் வரும் மொத்த வருமானம்) என்ன என்று என்னிடம் கேட்டார்கள். அதுவே ஒரு அடையாளம்: தானே ஃபைல் பண்ணுகிறவர்களிடம் சாஃப்ட்வேர் கேட்கும் கேள்வி அது. பிரிப்பேரர் மூலம் போனால் வழக்கமாக 8879 என்ற படிவத்தில் நம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார்கள். அப்படி ஒரு காகிதம் என் கண்ணில் படவே இல்லை.

இதோடு முடியவில்லை. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. இங்கே மாநிலமும் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கிறது: வேலையின்மை காப்பீடு, டிஸெபிலிட்டி, ஃபேமிலி லீவ். டபிள்யூ-2வின் 14-ஆம் பெட்டியில் துக்கடா துக்கடாவாக இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. இவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. 2024-இல் வேலையின்மை வகைக்கு 42,300 டாலர் சம்பளம் வரை, மற்ற இரண்டுக்கும் 161,400 வரை. இரண்டு கம்பெனிகளும் 42,300-ஐத் தாண்டிவிட்டதால் என்னிடம் அந்த 179.78 டாலரை முழுதாக இரண்டு முறை பிடித்திருந்தார்கள். மற்ற இரண்டிலும் 25.74 வீதம் கூடுதல். மொத்தம் 231 டாலர் சொச்சம். இதைத் திரும்ப வாங்க என்ஜே-2450 என்று ஒரு படிவம், மாநில ரிட்டர்னோடு சேர்க்க வேண்டியது. ‘ரெகவரி டீம்’ அதைத் தொடவே இல்லை. ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. திருத்திய ரிட்டர்னில் சேர்த்து அனுப்பினேன். ஜெர்சி சிட்டி, எடிசன், பிளெய்ன்ஸ்போரோ பக்கம் இருப்பவர்கள் உங்கள் 14-ஆம் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு இதில் வேலையில்லை: அங்கே எஸ்டிஐக்கு (மாநில டிஸெபிலிட்டி காப்பீடு) இருந்த சம்பள வரம்பை 2024 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் கூடுதல் என்ற பேச்சே கிடையாது.

இன்னொரு நிலைமையும் இருக்கிறது, இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரே கம்பெனி, பேரோல் கோளாறில், வரம்பையும் தாண்டிப் பிடித்துவிட்டால், அதை 1040-இல் கேட்க முடியாது. அந்தக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, திருத்திய டபிள்யூ-2வும் தர வேண்டும். மறுத்தால் 843 என்ற படிவத்தில் ஐஆர்எஸ்ஸிடம் நேராகக் கேட்கலாம். எஃப்-1 மாணவர் விசாவில் ஓபிடியில் (படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சி) வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட இதே பாதைதான். பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு அவர்களிடம் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பிடிக்கவே கூடாது. பிடித்திருந்தால் முதலில் கம்பெனி. நடக்கவில்லை என்றால் 843, கூடவே 8316 என்ற படிவம். அந்தப் பிள்ளைகளுக்கும் இதே கும்பல் போன் போட்டுப் பங்கு கேட்கிறது என்று கேள்வி. படிவங்கள் ஐஆர்எஸ் தளத்தில் சும்மா கிடைக்கின்றன.

இரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு எதிர்ப்பக்கக் கணக்கும் ஒன்று உண்டு, எந்த ரெகவரிக்காரனும் சொல்லமாட்டான். கூடுதல் மெடிகேர் வரி 0.9 சதவீதம்: ஒரு கம்பெனி கொடுக்கும் சம்பளம் 200,000-ஐத் தாண்டினால்தான் அது பிடிக்கும். இரண்டு இடத்தில் தலா 150,000 வாங்குகிறவரிடம் யாருமே பிடிக்க மாட்டார்கள். ஆனால் ரிட்டர்னில் 8959 படிவத்தில் கட்ட வேண்டி வரும். ஒரு கையில் வருவதைக் கணக்கிட்டுச் செலவு பண்ணிவிடாதீர்கள்.

அந்த ஆட்கள் மேல் 14157 படிவத்தில் ஐஆர்எஸ்ஸில் புகார் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல், ஸெல் ரசீது, கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கும் அந்தப் பக்கம் எல்லாம் இணைத்தாயிற்று. மாநிலத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. 1,184 டாலர் இதுவரை வரவில்லை, வரும் என்று நான் காத்துக்கொண்டும் இல்லை.

பழைய வருடங்களில் வேலை மாறி, இந்த வரியைக் கேட்காமலே விட்டவர்கள் இருக்கக்கூடும். ரிட்டர்ன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம், அல்லது வரி கட்டியதிலிருந்து இரண்டு வருடம், எது பின்னால் வருகிறதோ அதுவரை 1040-எக்ஸ் என்ற திருத்திய ரிட்டர்ன் போட்டுக் கேட்கலாம். 2023-க்கு உச்சவரம்பு 160,200, அதிகபட்ச வரி 9,932.40. 2025-க்கு 176,100, வரி 10,918.20. உங்கள் டபிள்யூ-2க்களின் நான்காம் பெட்டியைக் கூட்டி அந்த எண்ணைக் கழியுங்கள். மிஞ்சினால் ஷெட்யூல் 3-ஐத் திருத்தி, டபிள்யூ-2 நகல்களோடு அனுப்புங்கள். கூட்டும்போது உங்களுடையது மட்டும்.