செங்கோட்டையில் மூன்றரை ஆண்டு பிராட்பேண்ட்: என் வேக நோட்டு

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். தென்காசி, கடையநல்லூர் ஸ்டூடியோக்களும், மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், தென்மலை ஸ்டூடியோக்களும் படங்களை எனக்கு அனுப்புகின்றன. பக்கங்களை அடுக்கி முடித்ததும் இணையம் வழியாக அச்சகத்துக்கு ஏற்றிவிடுவேன். ஓர் ஆல்பம் ஏறத்தாழ 3 ஜிபி வரும். ஆவணி பிறந்தால் இரண்டு பக்கத்து வேலையும் ஒன்றாகக் குவியும். கேரளாவில் அந்த மாதத்துக்குப் பெயர் சிங்ஙம். அந்த நாட்களில் இணைப்பு தளர்ந்தால் என் வருமானமும் தளர்ந்துவிடும்.

2022 ஜூனில் பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறினோம். விளம்பரத் தாளில் 100 எம்பிபிஎஸ் என்று பெரிதாகவும், அதன் அருகில் 'வரை' என்று பொடியாகவும் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பொடி எழுத்தை அன்று நான் கவனிக்கவில்லை.

முதல் குழப்பம் கணக்கில் வந்தது. கோப்பு இறங்கும்போது திரையில் 11, 12 என்றே காட்டியது. பத்தில் ஒரு பங்குதான் வருகிறது என்று பதறினேன். விளம்பரத்தில் வருவது மெகாபிட், திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். அந்த மட்டில் நிறுவனத்தின் மேல் குற்றம் இல்லை.

அடுத்த பிழை எங்கள் வீட்டில் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் கட்டிய வீடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி ஊர் தமிழ்ப் பகுதியோடு சேர்ந்தபோது இதே சுவர்கள் நின்றன என்று அத்தை சொல்வார். ஒன்றரை அடிக் கனம். மோடத்தைக் கூடத்து மூலையில், இரும்பு பீரோவின் பின்னால் வைத்திருந்தோம். படுக்கையறையில் வைஃபை 20க்கு மேல் ஏறவே இல்லை. மோடத்தை நடுக்கூடத்தில் உயரமாக மாட்டி, அருகில் இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். ஆனால் அக்கம்பக்கத்து மோடம்கள் எல்லாம் அதில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 வேகமானது, ஆனால் தடித்த சுவரைத் தாண்டத் திணறும். என் வேலைக் கணினிக்குக் கம்பியே இழுத்துவிட்டேன். அந்தக் கணினியில் அன்றே 93 வந்தது.

ஆறு மாதம் நிம்மதியாக ஓடியது. 2023 தொடக்கத்திலிருந்து இரவுகள் மோசமாயின. காலையில் ஐந்து நிமிடத்தில் ஏறும் ஆல்பம் இரவு ஒன்பது மணிக்கு இரண்டேகால் மணி நேரம் எடுத்தது. பதிவேற்ற வேகம் 3 எம்பிபிஎஸ் ஆகியிருந்தது. புனலூர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் மறுநாள் காலை மணமகள் வீட்டில் ஆல்பத்தைக் காட்டவேண்டும் என்று காத்திருந்தார். அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்த இரவை நான் மறக்கவில்லை.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். யாரும் வரவில்லை, புகார் தீர்க்கப்பட்டது என்று மட்டும் குறுஞ்செய்தி வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வந்த தம்பி மிகவும் பொறுமையானவர். "அக்கா, ராத்திரி மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் ஆபீஸில் யாரும் அசைய மாட்டார்கள். எண்ணாகக் கொடுங்கள்" என்றார். அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

அளப்பதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். கம்பியில் இணைந்த கணினியில் மட்டும் அளப்பது. அந்த நேரத்தில் வீட்டின் மற்றக் கருவிகள் எல்லாம் இணைப்பை விட்டிருக்க வேண்டும். காலை 6, மதியம் 2, இரவு 9. ஒவ்வொரு வேளையும் இரண்டு அளவு: ஒன்று நிறுவனத்தின் சொந்த சர்வரில், மற்றொன்று வேறு நிறுவனத்தின் சென்னை சர்வரில். சொந்த சர்வர் அவர்களின் வலைக்குள்ளேயே இருப்பதால் வெளியே போகும் பாதை எவ்வளவு நெரிசல் என்பதை அது காட்டாது. பதினான்கு நாள் விடாமல் எழுதினேன். காலை 93, மதியம் 88, இரவு 17. இரவில் சொந்த சர்வரில் மட்டும் 80க்கு மேல்.

அந்த வித்தியாசம்தான் எனக்குக் கதவைத் திறந்தது. தெருவில் வீடுகள் கூடிவிட்டன, பங்கு பிரிகிறது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் இருப்பது ஜிபான், அதாவது ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பங்கிடும் முறை. ஒரு ஃபைபரில் கீழிறங்கும் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 கிகாபிட், மேலேறுவது 1.25. ஸ்ப்ளிட்டர் அதை 32 வீடுகளுக்குப் பிரிக்கிறது. முப்பத்திரண்டு வீட்டாரும் ஒரே வினாடியில் முழு மூச்சாக இழுத்தாலும் தலைக்கு 78 எம்பிபிஎஸ் வரும். 64 வீடு என்றே வைத்தாலும் 39. எனக்கு வந்தது 17. ஆகவே நெரிசல் எங்கள் தெருவில் இல்லை. ஊர் நிலையத்திலிருந்து மேலே போகும் இணைப்பில் இருக்கிறது. அந்த இணைப்பைக் கூட்டாமல் வீடு வீடாக ஆள் சேர்த்துக்கொண்டே போவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அரசு வரையறைப்படி 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். 2023 ஜனவரிக்கு முன் 512 கேபிபிஎஸ் போதும் என்றிருந்தது. இவ்வளவு தாழ்ந்த தரையின் மேல் 'வரை' என்ற சொல்லையும் வைத்துக்கொண்டால், பணம் கட்டுகிறவருக்கு என்ன பிடிமானம் இருக்கிறது?

பிடிமானம் ஒன்று இருக்கத்தான் செய்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒவ்வொரு புகாருக்கும் ஒரு பதிவு எண் தரவேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மூன்று பதிவு எண்களையும் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்தும் அனுப்பினேன். கடிதத்தில் கோபம் எதையும் எழுதவில்லை. அந்த 78 கணக்கை மட்டும் நான்கு வரியில் எழுதினேன்.

இருபத்தாறாம் நாள் ஒரு பொறியாளர் அழைத்தார். மேலே போகும் இணைப்பு மாலையில் நிரம்பிவிடுகிறது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் இரண்டாவது இணைப்பு சேர்த்தார்கள். அதன்பின் இரவு 9 மணி அளவு 75க்குக் கீழே போனது அபூர்வம். அதிகாரி பதில் சொல்லாமல் இருந்திருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்பு எண் 1063ஐயும், நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் குறித்து வைத்திருந்தேன்; தேவைப்படவில்லை.

சாரல் காலம் வேறு கதை. ஃபைபரில் ஓடுவது ஒளி. செம்புக் கம்பியைப் போல ஈரத்தால் இரைச்சல் ஏறாது. ஆனால் கம்பத்துப் பெட்டிக்குள் தண்ணீர் போனாலோ, மரக்கிளை அழுத்தி இழை மடங்கினாலோ ஒளி குறையும். கொல்லம் சாலையில் கேரளாவுக்குப் போகும் வைக்கோல் லாரிகள் சுமை உயரத்தால் கம்பியை இழுத்துவிட்டுப் போவதும் உண்டு. இரண்டு முறை எங்களுக்கு அப்படி அறுந்தது. 2024 ஜூலையில் அறாமலே அடிக்கடி விட்டுவிட்டு வந்தது. அதே தம்பி வந்து சேரும் ஒளியின் வலிமையை மீட்டரை வைத்துப் பார்த்தார்: மைனஸ் 28 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு). மைனஸ் 27க்குக் கீழே போனால் மோடத்துக்கு ஒளி சரியாகத் தெரியாது என்றார். பழைய இணைப்பை வெட்டிப் புதிதாக ஒட்டியதும் மைனஸ் 21 ஆனது. யாராவது பழுது பார்க்க வந்தால் அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேச உதவும்.

சென்ற ஆண்டு 200 திட்டத்துக்கு மாறினேன். நோட்டில் மறுபடி 94, 94, 94. காலை, மதியம், இரவு எல்லா வேளையும் ஒரே எண் வந்ததால் நெரிசல் இல்லை என்று உடனே புரிந்தது. மோடத்தின் பின்புறம் நான்கு துளைகளில் ஒன்று மட்டும்தான் கிகாபிட். மற்ற மூன்றும் 100க்கு மேல் தராதவை. கம்பியை மாற்றிச் செருகினேன், 190 வந்தது. உங்கள் அளவு எப்போதும் 94ஐ ஒட்டியே நின்றால் முதலில் அந்தத் துளையையும், கம்பிக்குள் இருக்கும் எட்டு இழைகளையும் பாருங்கள். நான்கு இழை மட்டும் வேலை செய்தாலும் 100 வரை ஓடும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

இன்றைய நிலையில் இந்த இணைப்பை விடும் எண்ணம் எனக்கு இல்லை. மின்சாரம் போனால் இணைப்பும் சில நேரம் அடங்கிவிடுகிறது; அதற்கு இன்னும் தீர்வு கிடைக்கவில்லை.

ஆரியங்காவில் இருக்கும் மதினிக்கு இரவில் வீடியோ அழைப்பு உறைந்து உறைந்து நிற்கிறது. அவரது நிறுவனம் வேறு, மாநிலம் வேறு, விதிமுறை ஒன்றுதான். என் நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். 50 திட்டத்தில் இருக்கிறார். இதுவரை மூன்று நாள் எழுதியிருக்கிறார்: காலை 46, இரவு 11. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதற்குள் புகார் பதிவு எண்ணை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.